தொலைநோக்கி கடைசியில் வரட்டும்: மாணவர்களுக்கு ஒளியியலையும் வானியலையும் அறிமுகப்படுத்த ஒரு வழிகாட்டி

மாணவர்களுக்கு வானத்தைக் காட்ட வேண்டும் என்று எண்ணுகிறவர் முதலில் தேடுவது தொலைநோக்கியைத்தான். அதை மைதானத்தில் நிறுத்தி, நாற்பது பேரை வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு அரை நிமிடம் சனிக்கோளைக் காட்டி அனுப்புவது எளிது. பார்ப்பவர்களும் வியந்து பாராட்டுவார்கள். நான் நடத்திய முதல் சில நிகழ்ச்சிகள் இப்படித்தான் அமைந்தன. மறுவாரம் அதே மாணவர்களிடம், அந்தக் குழாய்க்குள் என்ன நடந்ததால் சனி பெரிதாகத் தெரிந்தது என்று கேட்டபோது, பெரும்பாலோருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. உள்ளே ஒரு படம் ஒட்டப்பட்டிருந்ததா என்று ஒரு சிறுவன் கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. படம் அல்ல என்று அவன் தானே கண்டறிவதற்கு நான் வழி எதுவும் செய்திருக்கவில்லை.

அதன் பிறகு நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். விண்மீன்களைத் தொட்டுப் பார்க்க முடியாது. அவற்றைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஒளி கொண்டுவந்து சேர்த்த செய்தியே. ஆகவே ஒளி எப்படிச் செல்கிறது, எப்படி வளைகிறது, எப்படிப் பிரிகிறது என்பதைப் பகலில் மாணவர்கள் தம் கைகளால் செய்து பார்த்துவிட்டு, மாலையில் தொலைநோக்கியிடம் வருவது நல்லது. அந்த வரிசையிலேயே, முதன்முறையாக இத்தகைய நிகழ்ச்சியை நடத்தவிருக்கும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் உதவும்படி இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முன்னேற்பாடு

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இருந்து தொடங்குங்கள். முழுநிலவு நாளே நிலவைப் பார்க்க ஏற்றது என்று பலரும் கருதுகிறார்கள்; உண்மை இதற்கு நேர்மாறானது. முழுநிலவன்று சூரிய ஒளி நிலவின் மீது நேராக விழுவதால் மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் நிழல் இருக்காது, தொலைநோக்கியில் அது தட்டையான வெள்ளைத் தட்டாகவே தெரியும். அமாவாசைக்குப் பிறகு ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரையுள்ள மாலைகளில், நிலவின் ஒளிப்பகுதியும் இருள்பகுதியும் சந்திக்கும் எல்லையில் பள்ளங்களின் நிழல்கள் நீண்டு விழுவதைத் தெளிவாகக் காணலாம். அரைநிலவு சூரியன் மறையும் வேளையில் வானில் உயரத்தில் இருப்பதால், சிறுவர்கள் வீடு திரும்ப வேண்டிய நேரத்துக்கு முன்பே பார்த்து முடித்துவிடவும் முடியும். வியாழனோ சனியோ அந்த மாதத்தில் மாலை வானில் இருக்கின்றனவா என்பதை, இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபட மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மேசைக்கு ஆறு பேர் அல்லது எட்டுப் பேர், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு உதவியாளர், ஒரு செயல்பாட்டுக்கு இருபது நிமிடம் என்பது எனக்குச் சரிப்பட்டு வந்த அளவு. உதவியாளர்கள் எல்லாச் செயல்பாடுகளையும் முந்தைய நாளே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். குவியத் தூரம் (தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம்) தவறாகக் குறிக்கப்பட்ட லென்ஸும் மின்கலம் தீர்ந்த விளக்கும் ஒத்திகையில் அகப்பட்டுவிடும். ஒத்திகை இல்லையென்றால் மாணவர்களின் முன்னால்தான் அகப்படும்.

எந்தச் செயல்பாட்டைச் செய்வதற்கு முன்பும், என்ன நடக்கும் என்று மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகத்தைத் தாளில் எழுதவோ கை தூக்கித் தெரிவிக்கவோ வேண்டும். அதற்குப் பிறகுதான் விளக்கை ஏற்ற வேண்டும். தன் ஊகம் பொய்த்ததைக் கண்ட மாணவன் ஏன் என்று தானாகவே கேட்கிறான். ஊகிக்காமல் வேடிக்கை பார்த்தவனுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, ஊகம் தவறு என்று உடனே சொல்லிவிடுவது. அதைச் சோதனையே சொல்லட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதே பெரிய உதவி.

கண்களின் பாதுகாப்பு

சூரியனை வெறும் கண்ணாலோ, லென்ஸ், பைனாகுலர், தொலைநோக்கி ஆகியவற்றின் வழியாகவோ பார்க்கக் கூடாது என்பதை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒருமுறையும், லென்ஸ்களைக் கையில் கொடுக்கும்போது மறுமுறையும் சொல்லுங்கள். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் அது கருகும்போது வலிக்காது. பாதிப்பு பின்னர்தான் தெரியவரும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்துகிறார்கள். கருப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடித் துண்டு, எக்ஸ்-ரே படலம், குறுந்தகடு ஆகிய எதுவும் பாதுகாப்பானதல்ல. கிரகணக் கண்ணாடி என்றால் ஐஎஸ்ஓ 12312-2 தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதை அணிந்துகொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பதும் ஆபத்தே. தொலைநோக்கிக்கான சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயில் பொருத்தப்பட வேண்டும். கண் வைக்கும் முனையில் திருகும் வடிகட்டியின் மீது குவிந்த வெப்பம் முழுவதும் இறங்குவதால், அது வெடிப்பு விடக்கூடும்.

பகல்நேரச் செயல்பாடுகளை, சூரியன் கட்டடத்தின் மறுபுறம் இருக்கும்படி நிழலான பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லேசர் சுட்டியைப் பயன்படுத்துவதாயின் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதாக இருக்கட்டும், அது ஒருங்கிணைப்பாளரின் கையை விட்டு நீங்கவே கூடாது. விண்மீனைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசர் பார்க்க அழகாக இருந்தாலும் விமானிகளின் கண்களைக் கூசச்செய்யும் அபாயம் கொண்டது. நான் அதைக் கைவிட்டு, கையை நீட்டித் திசை காட்டுவதற்கே திரும்பிவிட்டேன்.

துளையிலிருந்து தொலைநோக்கி வரை

இந்தப் பகுதிக்கே மிகுந்த நேரத்தை ஒதுக்குங்கள். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நகரும் இரண்டு அட்டைப் பெட்டிகளை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். வெளிப்பெட்டியின் முன்பக்கத்தில் ஓர் ஓட்டை வெட்டி, அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டி, குண்டூசியால் ஒரு துளை இட வேண்டும். உள்பெட்டியின் முனையில் எண்ணெய்த்தாளோ படியெடுக்கும் தாளோ திரையாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தலையையும் பெட்டியின் பின்பகுதியையும் கருப்புத் துணியால் மூடிக்கொண்டு, வெளிச்சமான சன்னலை நோக்கித் துளையைத் திருப்பினால், திரையில் சன்னல் தலைகீழாக விழும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், மேலிருந்து வரும் கதிர் துளையைக் கடந்து கீழேயும், கீழிருந்து வரும் கதிர் மேலேயும் போய்ச் சேர்கின்றன என்பதை மாணவர்கள் நூலைப் பிடித்தோ கோடு வரைந்தோ தாமே கண்டுகொள்வார்கள்.

பிம்பம் மங்கலாக இருக்கிறது என்று யாராவது குறைப்பட்டுக்கொள்ளும் வரை காத்திருங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் குறைப்பட்டுக்கொள்வார். துளையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டு, ஊகங்களை வாங்கிக்கொண்டு, பென்சில் நுழையும் அளவுக்கு அதைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கூடும், ஆனால் சன்னலின் ஒவ்வொரு புள்ளியும் திரையில் ஒரு பெரிய பொட்டாக விழுவதால் விளிம்புகள் குழம்பிப்போகும். தெளிவு வேண்டுமானால் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் வேண்டுமானால் தெளிவு இல்லை என்ற இக்கட்டில் மாணவர்கள் நிற்கும்போது, ஓட்டையை இன்னும் பெரிதாக்கி அதன் முன்னால் 20 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸை வைக்கச் சொல்லுங்கள். பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தும்போது, ஓர் இடத்தில் பிம்பம் சட்டென்று கூர்மையாகவும் பளிச்சென்றும் திரையில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் மேசையைச் சுற்றி எழும் சத்தத்தை அடக்க முயல வேண்டாம். துளைக்கு எந்தத் தூரமும் ஒன்றுதான், லென்ஸுக்கோ அதற்குரிய தூரம் ஒன்று உண்டு என்பதைப் பெட்டியை நகர்த்திய கையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மூடினால் திரையில் என்ன தெரியும்? பாதி பிம்பம் மறைந்துவிடும் என்பதே மிகப் பெரும்பாலானவர்களின் விடையாக இருக்கும். உதவியாளர்களிலும் சிலர் அப்படியே நினைப்பார்கள். மூடிப் பார்த்தால் முழு பிம்பமும் அப்படியே இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி லென்ஸின் எல்லாப் பகுதிகளிலும் விழுகிறது. லென்ஸின் எந்தத் துண்டும் முழு பிம்பத்தையும் தனியே உருவாக்க வல்லது. லென்ஸ் பெரிதாக இருப்பதன் முதல் பயன் அதிக ஒளியைத் திரட்டுவது என்ற செய்தி இங்கேயே பதிந்துவிடுகிறது. இருளில் நன்கு விரிந்த கண்பாவையின் விட்டம் ஏறத்தாழ 7 மி.மீ.; 70 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் அதைப் போல நூறு மடங்கு ஒளியைத் திரட்டும். மாலையில் தொலைநோக்கியின் அருகே நிற்கும்போது இந்தக் கணக்கு மீண்டும் தேவைப்படும்.

அடுத்து, அளவுகோல் ஒட்டிய ஒரு நீண்ட பலகையின் முனையில் 50 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸை நிறுத்துங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பயன்படும் +2 டயாப்டர் லென்ஸ் இதற்குப் போதும். டயாப்டர் எண்ணால் 100-ஐ வகுத்தால் குவியத் தூரம் செ.மீ.-இல் கிடைக்கும். லென்ஸின் முன்னால் 25 மி.மீ. துளையுள்ள கருப்பு அட்டையை ஒட்டினால், விளிம்புக் கதிர்களால் ஏற்படும் மங்கலும் நிறப்பிசிறும் குறையும். பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு விளக்கையோ எழுத்துப் பலகையையோ நோக்கி அதைத் திருப்பி, லென்ஸிலிருந்து 50 செ.மீ.-க்குச் சற்று அப்பால் படியெடுக்கும் தாளைப் பிடித்தால், தாளில் சிறிய தலைகீழ் பிம்பம் விழும். அந்தத் தாளின் பின்புறத்திலிருந்து ஒரு கைலென்ஸால் பிம்பத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 5 மடங்கு என்று குறிக்கப்பட்ட கைலென்ஸின் குவியத் தூரம் ஏறத்தாழ 5 செ.மீ. ஆகும்.

மாணவர் கைலென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளை மெதுவாக உருவி எடுங்கள். பிம்பம் மறைந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். ஆனால் காட்சிப் பரப்பு சுருங்கினாலும் பிம்பம் அங்கேயே, முன்னைவிடப் பளிச்சென்று நிற்கும். தாள் இல்லாவிட்டாலும் பிம்பம் காற்றில் உருவாகிக்கொண்டுதான் இருந்தது; தாள் அதைக் கண்ணுக்குக் காட்டும் பணியை மட்டுமே செய்தது. மாணவர் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தொலைநோக்கியின் வழியாகத்தான் என்பதை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்பு சொல்லிவிடாதீர்கள். பொருளருகு லென்ஸின் குவியத் தூரமான 50-ஐக் கண்ணருகு லென்ஸின் 5-ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் 10 என்று கிடைக்கும். இரண்டு லென்ஸ்களையும் ஒன்றுக்குள் ஒன்று நகரும் அட்டைக் குழாய்களில் பொருத்தினால் அது வீட்டுக்கே எடுத்துச் செல்லக்கூடிய கருவி.

தலைகீழாகத் தெரிவது குறையா என்று கேட்பார்கள். கலிலியோ கண்ணருகே குழிலென்ஸை வைத்ததால் அவருடைய கருவியில் காட்சி நேராகத் தெரிந்தது, ஆனால் காட்சிப் பரப்பு மிகக் குறுகலாக இருந்தது. இரண்டு குவிலென்ஸ்களைக் கொண்ட அமைப்பை 1611-இல் கெப்ளர் விவரித்தார். அதில் காட்சி தலைகீழாக இருந்தாலும் பரப்பு அகலமானது. வானத்தில் மேல் கீழ் என்பது நம் வசதிக்காக நாம் வைத்துக்கொண்டது என்பதால் வானியலாளர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பத்து மடங்குக் கருவியால் நிலவின் பெரிய பள்ளங்களைப் பார்க்கலாம். சுவரிலோ தூணிலோ அசையாமல் சாய்த்துப் பிடித்தால் வியாழனின் நிலவுகளும் தட்டுப்படலாம். சனியின் வளையம் தெரியாது, அதற்கு ஏறத்தாழ 25 மடங்காவது வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டில் ஏமாற்றம் இருக்காது.

சூரியனைப் பார்க்காமல் அளப்பது

மரத்தடியில் விழும் வட்ட ஒளிப்பொட்டுகளைக் காட்டி இந்தச் செயல்பாட்டைத் தொடங்கலாம். இலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் ஒழுங்கற்றவையாக இருக்க, பொட்டுகள் மட்டும் ஏன் வட்டமாக இருக்கின்றன? அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். பகுதி சூரிய கிரகணத்தின்போது அவை அத்தனையும் பிறைகளாக மாறிவிடும்.

ஒரு சிறிய சமதளக் கண்ணாடியின் மேல், 5 மி.மீ. அளவுள்ள முக்கோணத் துளை வெட்டிய தாளை ஒட்டி, வெயிலில் அசையாமல் நிறுத்தி, எதிரொளித்த ஒளியை இருட்டான அறைக்குள் அனுப்புங்கள். அருகில் பிடித்த தாளில் ஒளி முக்கோணமாக விழும். தாளைப் பின்னோக்கி நகர்த்த நகர்த்த மூலைகள் மழுங்கி, சில மீட்டர்களில் அது வட்டமாகிவிடும். 20 மீட்டர் தூரத்தில் வட்டத்தின் விட்டம் 19 செ.மீ. அளவில் இருக்கும். பிம்பத்தின் விட்டத்தைக் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்து, சூரியனின் தூரமான 15 கோடி கி.மீ.-ஆல் பெருக்கினால் சூரியனின் விட்டம் கிடைக்கும். அளவு நாடாவைத் தவிர வேறெந்தக் கருவியும் இல்லாமல், 14 லட்சம் கி.மீ.-க்கு அருகில் மாணவர்கள் வந்துவிடுகிறார்கள். யாரும் கண்ணாடியை நோக்கித் திரும்பாதபடி அங்கே ஓர் உதவியாளர் நின்றே ஆக வேண்டும்.

ஒளியைப் பிரித்துப் படித்தல்

குறுந்தகட்டின் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில், அதாவது மில்லிமீட்டருக்கு 625 என்ற அளவில் நெருங்கி அமைந்திருப்பதால் அது விளிம்பு விளைவுக் கீற்றணியாக, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நெருக்கமான கோடுகளின் அணியாகச் செயல்படுகிறது. ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு முனையில் இரண்டு அட்டை விளிம்புகளை நெருக்கி வைத்து மெல்லிய இடுக்கை உண்டாக்கி, எதிர்முனையில் குறுந்தகட்டின் துண்டைச் சாய்வாக நிறுத்தி, மேலே பார்வைத் துளை வெட்டினால் நிறமாலைக்காட்டி தயார். தகட்டை வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும், ஏனெனில் அது கூர்மையாகச் சிதறும். பல புதியவர்கள் இடுக்கை அகலமாக விட்டுவிட்டு நிறங்கள் குழம்புகின்றன என்று வருந்துகிறார்கள். அது ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும்.

இழைவிளக்கு, வெள்ளை எல்இடி, சிறு குழல்விளக்கு ஆகிய மூன்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள். வெறும் கண்ணுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே வெண்மை. நிறமாலையில் இழைவிளக்கு அறுபடாத வண்ணப்பட்டையாகவும், எல்இடி தனித்து ஓங்கிய நீலமும் அகன்ற மஞ்சள் பரப்புமாகவும், குழல்விளக்கு தனித்தனிக் கோடுகளாகவும் தெரியும். அதிலுள்ள 546 நானோமீட்டர் பச்சைக் கோடும் 436 நானோமீட்டர் நீலக் கோடும் பாதரச ஆவியின் அடையாளங்கள். விளக்கைத் திறக்காமலேயே அதற்குள் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். பகலொளியைப் பார்க்க, வெயிலில் வைத்த வெள்ளைத் தாளை நோக்கிப் பெட்டியைத் திருப்ப வேண்டும், சூரியனை நோக்கியல்ல.

இந்த இடத்தில் வரலாறு இயல்பாகவே உள்ளே வந்துவிடுகிறது. விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்பதை மனிதர் ஒருபோதும் அறிய முடியாது என்று 1835-இல் தத்துவவாதி ஓகுஸ்த் கோம்த் எழுதினார். 1859-இல் கிர்க்கோஃப், புன்சன் என்ற இரு அறிவியலாளர்கள் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளைத் தனிமங்களோடு பொருத்திக் காட்டினார்கள். 1868-இல் சூரியனின் ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு அப்போது அறியப்பட்டிருந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை; சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். பூமியில் அதை வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல்தான். கையில் அட்டைப் பெட்டியோடு இதைக் கேட்கும் மாணவர், கோம்த்துக்கு விடை சொல்லும் கருவி தம்மிடம் இருப்பதை உணர்ந்துவிடுகிறார்.

நேரம் மிஞ்சினால் இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்து, இடையே பல அடுக்குகளாக ஒட்டிய ஒட்டுநாடாவைச் செருகி, தோன்றும் வண்ணங்களைக் காட்டலாம். மிஞ்சாவிட்டால் விட்டுவிடலாம், வானியலோடு அதன் தொடர்பை விளக்கத் தனி வேளை வேண்டும்.

நிலவும் தொலைவுகளும்

நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டால், பூமியின் நிழல் விழுவதால் என்பார்கள். மறுக்காமல், ஒரு குச்சியில் செருகிய வெள்ளைப் பந்தை ஆளுக்கொன்று கொடுத்து, இருட்டறையில் ஒற்றை விளக்கைச் சுற்றி நிற்கவையுங்கள். விளக்கு சூரியன், தலை பூமி, பந்து நிலவு. கையை நீட்டிப் பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்து மெதுவாக இடப்பக்கமாகச் சுழன்றால், பிறை, அரை, முழு என்று அத்தனை தோற்றங்களும் பந்தின் மேல் வந்து போகும்; தலையின் நிழலோ எங்கும் விழாது. பகலில் நிலவு தெரியும் நாளாக இருந்தால் இதைவிடச் சிறந்த சோதனை உண்டு. வெயிலில் நின்று, பந்தை நிலவுக்குப் பக்கத்தில் தெரியும்படி பிடித்துப் பாருங்கள். நிலவின் எந்தப் பக்கம் எவ்வளவு ஒளிர்கிறதோ, பந்தும் அதே பக்கம் அதே அளவு ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

பிறகு 20 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையையும் 5.5 செ.மீ. பந்தையும் கொடுத்து, இந்த அளவில் நிலவு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேளுங்கள். படங்களில் பார்த்துப் பழகியதால் ஒரு முழத்துக்குள் பிடிப்பார்கள். சரியான தூரம் 6 மீட்டர், பூமியின் விட்டத்தைப் போல முப்பது மடங்கு. நிலவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால், இந்த அளவில் பந்து அரை மீட்டர் மேலேயோ கீழேயோ விலகிச் செல்ல முடியும். மாதந்தோறும் கிரகணம் நிகழாததன் காரணம் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாமலே விளங்கிவிடும்.

நீண்ட மைதானம் இருந்தால் 1 செ.மீ.-க்கு 1 லட்சம் கி.மீ. என்ற அளவில் சூரியக் குடும்பத்தை நடந்து காட்டலாம். சூரியன் 14 செ.மீ. பந்து, பூமி 15 மீட்டருக்கு அப்பால் ஒரு கடுகு, நிலவு அந்தக் கடுகிலிருந்து 3.8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. வியாழன் 78 மீட்டரில் 1.4 செ.மீ. கோலிக்குண்டு, நெப்டியூன் 450 மீட்டரில் அரை செ.மீ. மணி. இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு: ஒளி விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்வதால், இந்த மாதிரியில் அது விநாடிக்கு 3 செ.மீ. மட்டுமே நகரும். அந்த வேகத்தில் ஒரு மாணவரைச் சூரியனிலிருந்து புறப்படச் செய்தால், அவர் எறும்பைப் போல ஊர்ந்து பூமியை அடைய 8 நிமிடம் 20 விநாடி ஆகும். மற்றவர்கள் பொறுமை இழந்து கத்துவார்கள். பிரபஞ்சத்தில் இதைவிட வேகமாகச் செல்வது எதுவும் இல்லை என்று அப்போது நினைவூட்டுங்கள். சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி, இதே மாதிரியில் 4,000 கி.மீ. தொலைவில் இருக்கும்.

இரவில்

வெளிச்சம் இருக்கும்போதே தொலைநோக்கியை நிறுத்தி, குறிபார்க்க உதவும் அதன் சிறு துணைநோக்கியைத் தொலைவிலுள்ள ஒரு விளக்கைக் கொண்டு நேர்ப்படுத்திவிடுங்கள். சூரியன் முற்றிலும் மறையும் வரை மூடிகளைக் கழற்ற வேண்டாம். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும் என்பதால் கைப்பேசித் திரைகளை அணைக்கச் சொல்லி, உதவியாளர்களின் கைவிளக்குகளில் சிவப்புத் தாளை ஒட்டிவிடுங்கள்.

குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குவதே நல்லது. சிறுவர்கள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் குழாயைப் பிடித்துக்கொள்வார்கள், குழாய் நகர்ந்துவிடும். ஆகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கும் பழக்கத்தை வரிசையில் நிற்கும்போதே சொல்லிக்கொடுங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு அசையாத முக்காலி ஒன்று வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக, கைப்பேசியைக் கண்ணருகு முனையில் பொருத்தி நிலவைத் திரையில் காட்டும் ஏற்பாட்டையும் செய்துகொள்ளுங்கள். ஒரே தொலைநோக்கிதான் என்றால், வரிசையில் நிற்பவர்கள் பைனாகுலரால் கார்த்திகை விண்மீன் கூட்டத்தையோ அந்தப் பருவத்தில் தெரியும் வேறொன்றையோ பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

பார்த்தாயா என்று கேட்டால் எல்லோரும் பார்த்தேன் என்றே சொல்வார்கள், எதுவும் தெரியாதவர்களும் அப்படியே சொல்வார்கள். வியாழனுக்கு எந்தப் பக்கத்தில் எத்தனை புள்ளிகள் தெரிகின்றன, சனியின் வளையம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பன போல, பார்த்தவர் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். வியாழனின் நிலவுகளைத் தாளில் வரையச் சொல்லி, மறுநாள் மாலையும் வரையவைத்தால் அவை இடம் மாறியிருக்கும். அவற்றுள் ஒன்றான அயோ ஒரு சுற்றை 1.77 நாளில் முடித்துவிடுவதால் அதன் மாற்றம் ஓர் இரவிலேயே தெரியும். 1610 ஜனவரி 7-ஆம் தேதி இரவு முதல் கலிலியோ செய்துவந்ததும் இப்படிப்பட்ட வரைதல்தான்.

கோள் காட்சியை விட்டு நழுவிப்போகும்போது பதற வேண்டாம். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதால், ஒரு டிகிரிப் பரப்புள்ள காட்சியின் நடுக்கோட்டை வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் அமையும் கோட்டுக்கு) அருகிலுள்ள ஒரு கோள் 4 நிமிடத்தில் கடந்துவிடும். பூமி சுழல்வதை ஒருவர் நேரில் காணக்கூடிய மிக எளிய இடம் இதுவே என்று சொல்லி, கோள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை செல்லும் நேரத்தை அவர்களையே கணக்கிடச் செய்யுங்கள்.

ஓரியன் நெபுலா போன்ற மங்கலான பொருள்கள் படங்களில் வருவது போலச் சிவப்பும் நீலமுமாகத் தெரியாது, சாம்பல் நிறப் புகைபோலத்தான் தெரியும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மங்கிய ஒளியில் செயல்படும் விழித்திரைச் செல்கள் நிறத்தைப் பிரித்தறிவதில்லை. அவை விழித்திரையின் நடுவே இல்லாததால், பொருளுக்குச் சற்று அருகே பார்வையை வைத்தால் அது கூடுதலாகத் தெரியும். அந்தப் புகையிலிருந்து வரும் ஒளி ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. மாலையில் விநாடிக்கு 3 செ.மீ. ஊர்ந்து சென்றவரை அப்போது பெயர் சொல்லி அழையுங்கள்.

மேகம் மூடினால் நிகழ்ச்சியை ரத்து செய்யாமல், நிலவுப் பந்துகளையும் அளவு மாதிரியையும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லேரியத்தைச் சுவரில் வீழ்த்திக் காட்டி, தொலைநோக்கியால் மைதானத்தின் மறுமுனையில் ஒட்டிய சிறு எழுத்துகளைப் படிக்கவைப்பதும் பயனுள்ளதே.

கருவிகளை எடுத்து வைக்கும்போது

புறப்படுமுன் லென்ஸைப் பாதி மூடும் கேள்வியையும் நிலவு தேயும் கேள்வியையும் மீண்டும் தாளில் எழுதவைத்து, தொடக்கத்தில் எழுதிய விடைகளோடு பின்னர் ஒப்பிடுங்கள். எந்த மேசை தன் வேலையைச் செய்யவில்லை என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும். பனியில் நனைந்த லென்ஸ்களை உடனே துடைத்தால் தூசி கீறலை உண்டாக்கும். மூடாமல் அறைக்குள் உலரவிட்டு, காற்றூதியால் தூசியை நீக்கிய பிறகே மூடிவையுங்கள். அட்டைத் தொலைநோக்கிகளை மாணவர்களிடமே கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொரு குழாயின் மீதும் சூரியனைப் பார்க்காதே என்ற வரி, நீங்களே உங்கள் கையால் எழுதியதாக ஒட்டப்பட்டிருக்கட்டும்.